சத்தத்துக்குப் பயப்படும் ஆட்டிசக் குழந்தைக்கு இயர் மஃப்: வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பழக்குவது?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள். ஆனால் பயத்தைப் போக்குகிற பொருள் என்று நினைத்து வாங்காதீர்கள். பயத்தோடு மல்லுக்கட்டும் குழந்தைக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தை வைத்துக்கொண்டு பயத்தைக் குறைக்கும் வேலையை வீட்டில் யாராவது ஒருவர் பொறுமையாகச் செய்தே ஆகவேண்டும். கடைப்பக்கங்களில் இருக்கும் ஐந்து நட்சத்திர விமர்சனங்களில் பலவும் "போட்டதும் அமைதியாகிவிட்டான்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன்.

நான் சொல்வது பாட்டு கேட்கிற ஹெட்போன் இல்லை. வயர், பேட்டரி, ப்ளூடூத் எதுவும் கிடையாது. தலைக்கு மேலே ஒரு வளையம், இரண்டு பக்கமும் உள்ளே நுரை வைத்த கிண்ணம், காதைச் சுற்றி மெத்தென்ற ஒரு குஷன். தொழிற்சாலைகளில் மெஷின் பக்கத்தில் நிற்பவர்கள் போட்டுக்கொள்வார்களே, அதன் குழந்தைகள் அளவு. இயர் மஃப், இயர் டிஃபெண்டர் என்று பல பெயர்களில் விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அது வெறும் "ஹெட்போன்".

எங்கள் பெண்ணுக்கு ஏழு வயது. நன்றாகப் பேசுவாள், ஆனால் பயம் வந்தால் முதலில் போவது பேச்சுதான். பொதுக் கழிப்பறைகளில் கை காயவைக்கும் மெஷின் இருக்குமே, அதில் ஆரம்பித்தது. யாரோ கையை நீட்ட, அது திடீரென்று உறுமியது, அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த சில வாரங்களில் அந்தக் கழிப்பறைக்குப் போகமாட்டேன் என்றாள். பிறகு எந்தப் பொதுக் கழிப்பறைக்கும் போகமாட்டேன். பிறகு கழிப்பறை இருக்கக்கூடிய எந்தப் பெரிய கட்டடத்துக்கும் வரமாட்டேன். கடைசியில் வெளியே கிளம்பும் நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள், குடித்தால் போகவேண்டி வருமே என்று. ஒரு குழந்தை தானாக யோசித்து அப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது என்றால் அந்தப் பயம் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்! அதற்குள் பலூனும் நாயும் வாக்குவம் கிளீனரும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. பயம் இப்படித்தான் வளரும், ஒரு சத்தத்திலிருந்து அந்தச் சத்தம் வந்த இடத்துக்கு, அந்த இடத்திலிருந்து அதைப் போன்ற எல்லா இடங்களுக்கும், அங்கிருந்து கிளம்புகிற நேரத்துக்கும்கூட.

இதில் நம் குழந்தை மட்டும் தனி இல்லை என்று தெரிந்துகொள்வதே பெரிய ஆறுதல். 1943-ல் லியோ கானர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இந்தப் பயங்கள் இருக்கின்றன: வாக்குவம் கிளீனர், லிஃப்ட், முட்டை அடிக்கும் கருவி, ஓடும் தண்ணீர், காற்றுகூட அந்தக் குழந்தைகளைப் பதறவைத்தது என்று எழுதியிருக்கிறார். 2011-ல் வெளியான, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் அலசல், ஆட்டிசம் உள்ள குழந்தைகளிலும் இளையவர்களிலும் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பதற்றக் கோளாறு இருப்பதாகவும், அதில் அதிகம் காணப்படுவது குறிப்பிட்ட ஒரு பொருளையோ சூழ்நிலையையோ பற்றிய பயம் என்றும் சொன்னது. புலன் உணர்வு கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதை 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் கையேடு, ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. ஆகவே "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, பொருளுக்கு வருவோம்.

பெட்டியில் என்.ஆர்.ஆர். அல்லது எஸ்.என்.ஆர். என்று ஓர் எண் போட்டிருக்கும், முன்னது அமெரிக்க முறை, பின்னது ஐரோப்பிய முறை. எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்பதற்கான அளவு அது. குழந்தைகளுக்கானவற்றில் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும். இரண்டும் வேறு வேறு முறையில் கணக்கிடப்படுவதால் ஒரு கம்பெனியின் என்.ஆர்.ஆரையும் இன்னொன்றின் எஸ்.என்.ஆரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அப்புறம், அந்த எண் ஆய்வகத்தில் சரியாகப் பொருத்தி எடுத்தது. வீட்டில் கண்ணாடிக் காம்பு, ஹேர் கிளிப், காதுக்குமேல் வந்து விழும் முடி, தொப்பியின் விளிம்பு என்று ஏதாவது ஒன்று குஷனைக் கொஞ்சம் தூக்கிவிட்டாலும் அந்த இடைவெளி வழியாகச் சத்தம் உள்ளே போய்விடும். பத்து டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோலக் கேட்கும் என்பதால், சொன்ன அளவு முழுசாகக் கிடைக்காவிட்டாலும் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளவேண்டும். இந்த வகை மஃப் கீச்சென்ற சத்தங்களை நன்றாக அடக்கும், ஆழமான உறுமல்களை அந்த அளவுக்கு அடக்காது. பேட்டரி போட்ட நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் இதற்கு நேர்மாறு: பஸ் இன்ஜின், விமானத்துக்குள் கேட்கும் இரைச்சல், ஃபேன் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்தை அழகாகக் குறைக்கும், ஆனால் பலூன் வெடிப்பதையோ நாய் குரைப்பதையோ பிடிக்க அதற்கு நேரம் இருக்காது. எங்கள் பெண்ணின் பயமெல்லாம் திடீர்ச் சத்தங்கள். அதனால் சாதாரண மஃபே போதும் என்று முடிவு செய்தோம். உங்கள் குழந்தைக்குக் கஷ்டம் தருவது பயண இரைச்சல் என்றால் மற்றது பொருத்தமாக இருக்கலாம், ஆனால் அதைக் காதுப் பாதுகாப்புக் கருவியாக நினைத்துப் பட்டாசுக்கோ டிரில்லிங் மெஷினுக்கோ பக்கத்தில் நம்பாதீர்கள்.

அந்தக் கை காயவைக்கும் மெஷினைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். கனடாவில் நோரா கீகன் என்ற சிறுமி, குழந்தைகள் இந்த மெஷினுக்குப் பயந்து காதைப் பொத்திக்கொள்வதைப் பார்த்துவிட்டு, பல இடங்களில் அதன் சத்தத்தைக் குழந்தைகளின் காது இருக்கும் உயரத்தில் வைத்து அளந்து பார்த்தாள். அந்த ஆய்வு 2019-ல், அவளுக்கு 13 வயதாக இருக்கும்போது, குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. சில மெஷின்கள் 100 டெசிபலைத் தாண்டின. நாம் நின்றுகொண்டு கேட்கிற சத்தமும் அந்தக் காற்று வருகிற உயரத்திலேயே தலை இருக்கிற குழந்தை கேட்கிற சத்தமும் ஒன்றில்லை. இதைப் படித்த பிறகு "ஒன்றுமில்லை, சும்மா காற்றுதான்" என்ற பேச்சை எங்கள் வீட்டில் எல்லோருமே நிறுத்திவிட்டோம். அவளுடைய காதுக்கு அது ஒன்றுமில்லாத விஷயம் இல்லை.

இனி அணிவதைப் பற்றி. வளையத்தின் இறுக்கம்தான் முதல் பிரச்சினை. இறுக்கமாக இருந்தால்தான் சத்தம் குறையும், ஆனால் தலையை அமுக்கும் உணர்வே சில குழந்தைகளுக்கு ஆகாது. சிலருக்கு அந்த அமுக்கமே பிடித்துப்போகும், எங்கள் பெண் அந்த ரகம். இறுக்கம் பிடிக்காத குழந்தை என்றால் வாங்கியதும் நாலைந்து புத்தகங்களை அடுக்கி அதன் இரண்டு பக்கமும் கவ்வுகிற மாதிரி ஓர் இரவு மாட்டிவையுங்கள், கொஞ்சம் தளரும், வளையத்தைக் கையால் விரித்து வளைக்காதீர்கள். வெயிலில் காது வியர்க்கும், குஷன் தோல்போல ஒட்டும், துணி உறை கிடைத்தால் நல்லது. மஃபைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டால் தான் மெல்லுகிற சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்கும், அதனால் சாப்பாட்டு நேரத்தில் இவள் தானாகவே கழற்றிவிடுகிறாள். எடையைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். கடையில் லேசாகத் தெரிவது சின்னக் கழுத்துக்குக் கொஞ்ச நேரத்தில் பாரமாகிவிடும். மடக்கிப் பையில் வைக்கிற மாதிரி இருந்தால் உத்தமம், ஏனென்றால் கையில் இல்லாத மஃபால் எந்தப் பயனும் இல்லை.

இதை அறிமுகப்படுத்துவதை அவசரத்தில் செய்யவே கூடாது. அலறிக்கொண்டிருக்கும் குழந்தையின் தலையில் முதல் தடவையாக ஒரு புதுப் பொருளை மாட்டினால், அந்தப் பொருளும் பயத்தின் பட்டியலில் சேர்ந்துவிடும். எங்கள் ஓ.டி. தெரபிஸ்ட் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாடக் காரியங்களுக்கும் புலன் சிக்கல்களுக்கும் பயிற்சி தருபவர்) சொன்னபடி, வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் அதைச் சும்மா சோபாவில் போட்டு வைத்தோம். முதலில் பொம்மைக்கு மாட்டினாள். பிறகு எனக்கு மாட்டிவிட்டு, என் முகத்துக்கு நேராக வந்து வாயை மட்டும் அசைத்து, எனக்குக் கேட்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் தான் மாட்டிக்கொண்டாள், கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். சத்தம் போகிறது, வருகிறது, போகிறது, அதைச் செய்வது தன் கை என்பதை அவள் கண்டுபிடித்த அந்த நேரம் அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். இந்தப் பொருளின் உண்மையான மதிப்பு டெசிபலில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் கட்டத்தில் பலன் நன்றாகத் தெரிந்தது. கழுத்தில் மஃப் தொங்கினால் போதும், வெளியே கிளம்பச் சம்மதித்தாள். தண்ணீர் மறுபடி குடிக்க ஆரம்பித்தாள். அந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். நிம்மதி கிடைக்கும் பொருளை யார்தான் கழற்றுவார்கள்? காலையில் எழுந்ததும் மஃப், வீட்டுக்குள் யாரும் சத்தம் போடாதபோதும் மஃப், டிவி பார்க்கும்போதும் மஃப். இதில் ஆபத்து இருக்கிறது என்று தெரபிஸ்ட் முன்பே எச்சரித்திருந்தார். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல காதுள்ள பெரியவர்களையே இரண்டு வாரம் காதடைப்பான் போட்டுக்கொள்ளச் செய்தபோது, அவர்களுக்குச் சத்தங்கள் முன்பைவிடப் பெரிதாகக் கேட்க ஆரம்பித்தன. மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது நேர்மாறாக நடந்தது. அதாவது, சத்தம் கிடைக்காவிட்டால் கேட்கும் புலன் தன் கூர்மையைத் தானாகவே கூட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே கூர்மையான காதை நாள் முழுக்க அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பயத்துக்கும் இதே கதைதான். மஃப் இருந்ததால்தான் தப்பித்தேன் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டால், மஃப் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் ஆபத்தாகத் தெரியும்.

அதனால் மஃபுக்கு வீட்டில் ஓர் ஒழுங்கு வைத்தோம். பெரிய சத்தம் வரும் இடத்துக்குப் போகும்போது போடலாம், சத்தம் முடிந்ததும் கழுத்துக்கு இறக்கிவிடவேண்டும், வீட்டில் அது கதவுப் பக்கத்துக் கொக்கியில் தொங்கும். வேண்டும் என்று கேட்டால் எப்போதும் கிடைக்கும், அதில் மாற்றமே இல்லை. ஒரு தடவைகூட அதைத் தண்டனையாகப் பிடுங்கி வைக்கவில்லை. பாதுகாப்புப் பொருளை மிரட்டுவதற்குப் பயன்படுத்தினால் குழந்தை அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

அப்புறம் உண்மையான வேலை தொடங்கியது. பயத்தைப் படிப்படியாகச் சந்திப்பது, இதைத்தான் சி.பி.டி. தெரபியில் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் மனநலச் சிகிச்சை) எக்ஸ்போஷர் என்கிறார்கள். முதல் படி, மெஷினின் படம். அடுத்தது, அதன் சத்தத்தை போனில் பதிவு செய்து, மிகக் குறைந்த வால்யூமில் அவளே போட்டுக் கேட்பது. போன் அவள் கையில், வால்யூம் பட்டன் அவள் விரலில், நிறுத்துவதும் அவள்தான். ஒரு நாள் அவளே ஒரு கோடு கூட்டினாள், யாரும் கேட்கவில்லை. பிறகு கழிப்பறைக்கு வெளியே, கதவு மூடியிருக்க, மஃபோடு நிற்பது. பிறகு கதவு திறந்திருக்க நிற்பது. பிறகு ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே போய், மஃபோடு நின்று, நான் கையை நீட்டப் போகிறேன் என்று விரல்களில் மூன்று எண்ணிக் காட்டிவிட்டு நீட்டுவது. பிறகு அவள் எண்ணுவது. பிறகு ஒரு பக்கக் கிண்ணத்தைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்ப்பது. இந்தப் படி நாங்கள் திட்டமிட்டதே இல்லை, அவளாகச் செய்தது. ஆட்டிசக் குழந்தைகளுக்கு இயர் மஃப் காது அடைப்பானாக மட்டும் இல்லாமல் அளந்து அளந்து திறக்கும் கதவாகவும் இருக்க முடியும் என்பதை எந்தக் கம்பெனியும் பெட்டியில் எழுதுவதில்லை.

பயம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாத குழந்தைகள் நிறைய. தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை உணர்ந்து பெயர் சொல்வதே பல ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கடினம். "பயமாக இருக்கிறதா?" என்றால் இவள் எப்போதும் "இல்லை" என்பாள், கைகள் இரண்டும் இறுகியிருக்கும். அதனால் சுவரில் ஒரு நிற அட்டை: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் அவளுடைய உடம்பு எப்படி இருக்கும் என்பதை எழுதினோம், பச்சையில் தோள் கீழே இருக்கும், ஆரஞ்சில் கை இறுகும், சிவப்பில் பேச்சு வராது. ஆரஞ்சு வந்தால் அன்றைக்கு அந்தப் படி போதும், சிவப்புக்குப் போகவே விடக்கூடாது. பேசாத குழந்தைக்கும் இது முடியும், அட்டையைத் தொட்டுக் காட்டினால் போதும், அல்லது நாமே உடம்பைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போய் மெஷினுக்கு முன்னால் நிறுத்தி "பார், ஒன்றும் ஆகவில்லை பார்" என்று காட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குழந்தை கற்றுக்கொள்வது மெஷின் ஆபத்தில்லை என்பதை அல்ல, உங்களை நம்ப முடியாது என்பதைத்தான்.

இந்த வகைத் தெரபிக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 7 முதல் 13 வயதுவரையிலான 167 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சி.பி.டி.யும் பலன் தந்தது, ஆட்டிசத்துக்கென்றே மாற்றியமைத்த சி.பி.டி. அதைவிட நன்றாகப் பலன் தந்தது. எனவே தெரபிஸ்டைத் தேடும்போது "ஆட்டிசக் குழந்தைகளின் பதற்றத்துக்கு வேலை செய்திருக்கிறீர்களா? என்ன மாற்றிச் செய்வீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். படங்கள், குழந்தைக்குப் பிடித்த விஷயத்தைச் சேர்த்துக்கொள்வது, பெற்றோரையும் உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பது, இந்த மாதிரி பதில்கள் வந்தால் நம்பிப் போகலாம்.

பெற்றோரின் பங்கைப் பற்றி: குழந்தை பயப்படும்போது நாம் செய்யும் சின்னச் சின்ன விட்டுக்கொடுத்தல்கள் பயத்துக்குத் தீனி போடலாம் என்பதை வைத்து, யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி தரும் ஒரு முறையை உருவாக்கினார். பதற்றக் கோளாறு உள்ள 124 குழந்தைகளின் குடும்பங்களில் சோதித்து 2019-ல் வெளியிட்ட முடிவில், அது குழந்தைக்கே தரும் சி.பி.டி.க்கு இளைத்ததாக இல்லை. அது ஆட்டிசக் குழந்தைகளுக்கென்று நடத்திய ஆய்வு இல்லை, ஆனால் அதன் அடிப்படை எங்களுக்கு உதவியது. இவள் கிளம்புவதற்கு முன் "அங்கே மெஷின் இருக்குமா? சத்தம் வருமா? வராதில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எத்தனை தடவை வராது என்று சொன்னாலும் போதாது, அதுவுமில்லாமல் வராது என்று நம்மால் சத்தியம் பண்ணவும் முடியாது. இப்போது பதில் ஒன்றுதான்: "வரலாம். வந்தால் என்ன செய்வோம் என்று அட்டையில் இருக்கிறது." இது நிற அட்டை இல்லை, வேறு அட்டை, அதில் நான்கு படங்கள்: மஃப் போடு, அம்மா கையைப் பிடி, மூச்சை மெதுவாக விடு, வெளியே போ. ஒரு தடவை பதில் சொல்லுவேன், அடுத்த தடவை அட்டையைக் காட்டுவேன். இந்தக் குழந்தைகளுக்குச் சத்தத்தைவிடக் கொடுமை, எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பது. வராது என்ற பொய்யைவிட வந்தால் என்ன என்ற திட்டம்தான் அந்தக் காத்திருப்பைச் சின்னதாக்குகிறது.

மஃப் உதவாத இடங்களையும் சொல்லவேண்டும். பலூனுக்கு இது அவ்வளவாக உதவவில்லை. வெடிக்கிற சத்தத்தைவிட, அது இன்னும் வெடிக்காமல் அங்கே இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாத விஷயம், கண்ணை அதிலிருந்து எடுக்கவே மாட்டாள், மஃப் போட்டிருந்தாலும் உடம்பு விறைத்தபடியேதான் இருக்கும். நாய்க்கும் அப்படித்தான். அதன் குரைப்பு பாதிதான், அது எந்தப் பக்கம் ஓடும் என்று கணிக்க முடியாதது மீதிப் பாதி. நாய் பின்னால் வருவது மஃப் போட்டிருந்தால் கேட்காது என்பதையும் அவள் தானே கண்டுபிடித்து, நாய் உள்ள தெருவில் மஃபைக் கழற்றிவிட்டாள். அவள் செய்தது சரி. இந்தப் பயங்களுக்குத் தனித்தனியாகப் படிகள் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதே காரணத்தால் ரோட்டில் மஃப் போட்டிருக்கும்போது கையை விடவே கூடாது. ஹார்ன் கேட்காது, நாம் கூப்பிடுவதும் கேட்காது. திரும்பிப் பார்க்கவைக்க ஒரு சைகை பழக்குங்கள். தோளில் தட்டுவது சில குழந்தைகளைத் திடுக்கிடவைக்கும், முகத்துக்கு முன்னால் கை அசைத்தால் போதும். மஃபோடு தூங்கவும் விடாதீர்கள், காது வலிக்கும்.

பள்ளியில் இது பெரிய போராட்டம். ஒரு டீச்சர், பாடம் கேட்காமல் போகும் என்று சொல்லி மஃபை வாங்கி மேசை டிராயரில் வைத்துவிட்டார். அன்று மணி அடித்தபோது என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை, எழுதினால் எனக்குக் கைநடுங்கும். அதற்குப் பிறகு தெரபிஸ்டிடம் கடிதம் வாங்கி, ஒரே பக்கத்தில் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்தோம்: மஃப் குழந்தையின் மேசையிலேயே இருக்கவேண்டும், மணி அடிப்பதற்கும் தீயணைப்புப் பயிற்சிக்கும் முன்பே அவளுக்குத் தெரியவேண்டும், டீச்சர் பேசும்போது கழுத்துக்கு இறக்கச் சொல்லலாம், ஆனால் வாங்கி வைக்கக்கூடாது. மஃப் போட்டாலும் பக்கத்தில் நின்று பேசும் குரல் ஓரளவு கேட்கும், அதை அந்த டீச்சரையே போட்டுப் பார்க்கச் சொன்னோம். போட்டுப் பார்த்தார். அதன் பிறகு அவரே மணிக்கு முன்னால் இவளைப் பார்த்துக் கையால் காதைத் தொட்டுக் காட்ட ஆரம்பித்தார்.

மஃபோடு சேர்த்து வேறு சில பொருட்களையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எடை வைத்த போர்வை பற்றி 2014-ல் வெளியான ஆய்வில், ஆட்டிசக் குழந்தைகள் அதனால் கூடுதல் நேரம் தூங்கவில்லை, ஆனாலும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் சாதாரணப் போர்வையைவிட அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படியே, பிடித்திருக்கிறது, பயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு எடை என்பதைத் தெரபிஸ்டைக் கேட்காமல் வாங்காதீர்கள், குழந்தை தானாகத் தள்ளிவிட்டு வெளியே வர முடியவேண்டும். மீதி நேரத்தைச் சிவப்பு நிறமாகக் காட்டும் டைமர் உண்மையிலேயே நல்ல பொருள், காத்திருப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

வாங்குவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பயம் திடீரென்று கூடினாலோ இல்லாத பயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலோ முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். காதுத் தொற்று, பல்வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, சொல்லத் தெரியாத எந்த வலியும் பதற்றமாக வெளிவரலாம். பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா என்றும் பாருங்கள். இரண்டாவது, ஆடியாலஜிஸ்டிடம், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம், ஒரு பரிசோதனை. சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைக்குக் கேட்கும் திறன் குறைவாக இருக்க வாய்ப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

என் மதிப்பெண்: பொருளுக்கு ஐந்துக்கு நாலரை, அரை குறைத்தது வெயிலில் படும் பாட்டுக்காக. குஷன் வெடித்துக் கிழிந்ததும் மாற்றிவிடுங்கள், கிழிந்த குஷனோடு அது தலையலங்காரம் மட்டும்தான், அதனால் மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் ஒரே மாதிரி, ஒரே நிறத்தில் இரண்டு, ஒன்று வீட்டுக்கும் ஒன்று பள்ளிப் பைக்கும். தொலைந்துபோனால் வேறு நிறத்தில் வாங்கித் தந்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், இந்தக் குழந்தைகளிடம் அது நடக்காது.